பின்வாசல் கமிஷன்

சமையலறைத் தரையில் சேறு.

செருப்புத் தடங்கள் பின்வாசலில் தொடங்கி, துணி துவைக்கும் மெஷினைச் சுற்றி, அடுப்பு மேடை வரை வந்து, கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருந்தன. அவள் முன்வாசலுக்கு ஓடினாள். வீடு பார்க்க வருகிறவர்களுக்காகவே புதிதாக வாங்கிப் போட்ட கால்மிதியடி, கடையில் மடித்துக் கொடுத்தபோது இருந்ததைப் போலவே பளிச்சென்று கிடந்தது. ஒரு கால்கூட அதில் பட்டிருக்கவில்லை.

"என்னங்க! இங்க வாங்க."

கணவர் வந்தார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவர். எதையும் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்த பிறகே நம்புவார். குனிந்து பார்த்தார்.

"சேறு," என்றார்.

"அதைச் சொல்லவா உங்களைக் கூப்பிட்டேன்? வீடு வாங்க வர்றவன் எவனாவது பின்வாசல் வழியா வருவானா?"

"திருடன் வருவான்."

"திருடன் புரோக்கரைக் கூட்டிக்கிட்டா வருவான்?"

வாங்க ஆள் வரும்போது சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். வெளிச்சுவரில் தொங்கும் எண்பூட்டுச் சாவிப் பெட்டியில் இரண்டு வாசல் சாவியும் இருக்கும். புரோக்கர் எண்ணைத் தட்டி எடுத்துக்கொள்வார், காட்டுவார், பூட்டிவிட்டுப் போவார். ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். வாரா வாரம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை.

இத்தனைக்கும் மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

*

அவளை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்பார்கள். டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் அவள் கால் இருக்கும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதும் வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும் என்று கணவர் சத்தியம் செய்வார்.

ஸ்கூல் முதலாளிக்கு வயதாகிவிட்டது. மகளோடு போய் இருக்கப் போகிறார். "நீ எடுத்துக்கறதா இருந்தா மாசக் கடைசி வரைக்கும் பொறுக்கறேம்மா. இல்லேன்னா பழைய கார் வியாபாரி வந்து மூணு வண்டியையும் ஓட்டிக்கிட்டுப் போயிடுவான்," என்றிருந்தார்.

எடுத்துக்கொள்ள ஒரே வழி வீட்டை விற்பது. ஸ்கூலுக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன, குடியேறிவிடலாம். விற்ற பணத்தில் வங்கிக் கடனை அடைத்தால், மிச்சம் ஸ்கூலுக்கும் மூன்று கார்களுக்கும் சரியாக இருக்கும். ஆனால் புரோக்கர்களுக்குக் கமிஷன் கொடுத்தால் இரண்டு கார்கள் போய்விடும்.

அந்த வட்டாரத்தில் பெரிய புரோக்கர் ஒருவர் உண்டு. பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'சென்ட்' என்றால் தெரியும். அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்னால் அவர் பூசிய வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். முதலில் அவரிடம்தான் போனாள்.

"என் பக்கக் கமிஷன் ஒண்ணு. வாங்கறவங்க பக்க புரோக்கருக்கு ஒண்ணு. ரெண்டும் உங்க தலையில, சாரி, உங்க கணக்குல," என்றார் சென்ட்.

"வாங்கறவங்க புரோக்கருக்கு நான் ஏன் தரணும்?"

"காலங்காலமா அப்படித்தானே அக்கா."

"இப்ப சட்டம் மாறிடுச்சே. அவங்கவங்க புரோக்கருக்கு அவங்கவங்க பேசித் தர வேண்டியதுன்னு."

சென்ட் சிரித்தார். "சட்டம் மாறிடுச்சு. நாங்க மாறலையே!"

"நான் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன் சார். எதிர்ல வர்ற வண்டிக்கும் நானே பெட்ரோல் போடணுமா?"

"போட வேண்டாம்." சென்ட் பேனாவை மூடினார். "எதிர்ல வண்டியே வராது. அவ்வளவுதான்."

அவள் எழுந்து வந்துவிட்டாள். புரோக்கரே வேண்டாம் என்று இணையத்தில் தானே விளம்பரம் போட்டாள். இரண்டு பேர் கமிஷனும் கழிந்ததால் விலையையும் கொஞ்சம் குறைத்தே போட்டாள்.

மறுநாளே போன் வந்தது. சென்ட்!

"ஒரு பார்ட்டி இருக்கு. வீட்டைக் காட்டலாமா அக்கா?"

"பாத்தீங்களா, வழிக்கு வந்துட்டான்!" என்று அன்றைக்குக் கணவரிடம் துள்ளிக் குதித்தாள். வரவே வராது என்று சொன்ன மனுஷன் அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஆட்களைக் கூட்டிவந்தார்.

பின்வாசல் வழியாக.

*

புதன்கிழமை பாடம் பல் டாக்டருக்கு. ஊரில் பாதிப் பேர் வாயில் கை விட்ட அந்தப் பெண்மணிக்கு கிளச்சைக் கண்டால் நடுக்கம். காரை வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சந்துக்குள் விடச் சொன்னாள் பிரேக் அக்கா. சந்தின் ஒரு பக்கம் அவள் வீட்டுப் பின்சுவர். எதிர்ப்பக்கம் கார்களின் நசுங்கிய உடம்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் பட்டறை. நடுவில் எப்போதும் சேறு.

டாக்டர் கியர் மாற்றினார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

பின்னால் ஹாரன் அலறியது. ஒரு பெரிய வெள்ளைக் கார் உரசுவதுபோல் ஒதுங்கி முன்னால் போய், பின்வாசலில் நின்றது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு சென்ட் தலையை நீட்டினார்.

"எல் போர்டு! வீட்டுல உட்கார வேண்டியதுதானே!"

திட்டிவிட்டு இறங்கினார். எல் போர்டு வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று உலகத்தில் எவரும் பார்ப்பதில்லை. சென்ட்டும் பார்க்கவில்லை. தன் காரிலிருந்து ஒரு குடும்பத்தை இறக்கி, பட்டறைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"இது சும்மா ஒரு பார்வைக்குத்தான் சார்! இதைப் பார்த்தாத்தான் அடுத்து நான் காட்டப்போற வீட்டோட அருமை தெரியும்! பார்த்து வாங்கம்மா, சேறு, சேறு!"

உள்ளே போனவர்கள் வாய் கொப்பளிக்கும் நேரத்தில் வெளியே வந்தார்கள். குடும்பத் தலைவி மூக்கைப் பொத்தியிருந்தாள். கார் புறப்பட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு வீட்டை நோக்கித் திரும்பியது. அந்த வீட்டை விற்றுக் கொடுப்பது சென்ட். வாங்குகிறவர்களுக்கும் சென்ட். இரண்டு பக்கக் கமிஷனும் அந்த வீட்டுக்காரர் தலையில்.

சீட்டில் சரிந்து உட்கார்ந்திருந்த பிரேக் அக்கா நிமிர்ந்தாள்.

"டாக்டர்... இவன் என் வீட்டை விக்க வரலை."

"தெரியுது அக்கா. என் கிளினிக்ல பல் செட் நிறம் காட்டும்போது நானும் இதையேதான் பண்ணுவேன்," என்றார் டாக்டர், கொஞ்சம் வெட்கத்தோடு. "முதல்ல மஞ்சளா ஒண்ணு எடுத்துக் காட்டுவேன். ஐயய்யோம்பாங்க. அப்புறம் நான் விக்க நினைக்கிறது பளிச்சுனு தெரியும்."

"அப்ப என் வீடு?"

"மஞ்சப் பல்லு."

*

"அவன் கேட்ட கமிஷனைக் கொடுத்துத் தொலைச்சிடலாம்," என்றார் கணவர். "ரெண்டு கார் போனா போகட்டும். ஒரு காரை வச்சு ஸ்கூல் நடத்தேன்."

"ஒரு காரை வச்சு நடத்தினா அதுக்குப் பேரு ஸ்கூல் இல்ல, டாக்சி."

"அப்ப அவன் ஆபீசுக்குப் போய் நல்லா நாலு கேளு."

"எதுக்குக் கேட்கணும்?" அவள் கண்களில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. "யோசிச்சுப் பாருங்க. சொந்தப் பெட்ரோல், சொந்த ஏ.சி. வீடு வாங்கக் கையில காசு வச்சிருக்கற ஆளாப் பொறுக்கி எடுத்து நம்ம வாசலுக்கே ஓட்டிக்கிட்டு வர்றான். இப்படி ஒரு சம்பளமில்லாத டிரைவர் எங்க கிடைப்பான்? ரூட்டு மட்டும்தான் தப்பு."

"அதை எப்படி மாத்துவே?"

"ரூட்டு மாத்தறதுதானே என் பொழப்பு!"

மறுநாள் ஸ்கூலில் மற்ற இரண்டு டிரைவிங் மாஸ்டர்களையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். இருவரில் மூத்தவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"ஸ்கூல் போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் அந்தப் பழைய கார் வியாபாரிகிட்ட வண்டி கழுவத்தான் போகணும். சந்துல ரிவர்ஸ் பாடம் எடுக்கணும், அவ்வளவுதானே? எடுத்துட்டாப் போச்சு அக்கா. சிலபஸ்லயே இருக்கு!"

*

சனிக்கிழமை. சென்ட் போன் செய்திருந்தார். பார்ட்டி வருகிறது, வீட்டில் யாரும் இருக்க வேண்டாம்.

வெள்ளைக் கார் சந்துக்குள் திரும்பியது. உடனே நின்றது.

எதிரே ஓர் எல் போர்டு, வாலைக் காட்டிக்கொண்டு நிதானமாகப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னோர் எல் போர்டு, சந்தின் குறுக்கே திரும்பும் முயற்சியில் பட்டறைச் சுவரைக் கொஞ்சிக்கொண்டு நின்றது.

சென்ட் ஹாரனில் கையை வைத்தார். எடுக்கவேயில்லை. ஹாரன் கேட்டதும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு என்ன ஆகுமோ அது ஆயிற்று. இரண்டு வண்டியும் என்ஜின் அணைந்து நின்றன.

"யோவ்! எவ்வளவு நேரம்யா?"

மூத்த மாஸ்டர் தலையை வெளியே நீட்டினார். "சார், கத்துக்க வந்த மாமாவுக்கு இப்பத்தான் ரிவர்ஸ் கியரே விழுந்திருக்கு. விட்டா மறுபடி எப்ப விழுமோ! கொஞ்சம் பொறுங்க."

சென்ட்டின் காரில் பின் சீட்டிலிருந்து ஒரு களைத்த பெண் குரல் கேட்டது. "முன்பக்கம் வழி இல்லையா சார்?"

"இருக்கு மேடம். ஆனா..."

"பின்ன என்ன? அப்படியே போங்களேன்."

வேறு வழியில்லை. கார் பின்வாங்கி, பெரிய சாலை சுற்றி, முன்தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துக்கொண்டு நிற்கும் தெரு. நிழலில் நிறுத்தியிருந்த மூன்றாவது எல் போர்டு காரில் பல் டாக்டரும் பிரேக் அக்காவும் இருந்தார்கள். பின் சீட்டில் கணவர், கைப்பிடியைப் பிடித்தபடி.

"வண்டி நின்னுதான் இருக்கு. அதை விடுங்களேன்," என்றாள் அவள்.

"டாக்டர் கை இன்னும் சாவியிலதான் இருக்கு," என்றார் அவர்.

அந்தப் பெண் இறங்கினாள். நாற்பதைத் தாண்டியவள். தோளில் பெரிய பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். கால்மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். சென்ட் பின்னாலேயே போனார்.

நேரம் போயிற்று. யாரும் வெளியே வரவில்லை.

சென்ட் மட்டும் வந்தார். வாசலில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். உள்ளே போனார். மறுபடி வந்தார், யாருக்கோ போன் செய்தார், வைத்தார், உள்ளே போனார்.

"ஏதோ ஆயிடுச்சு," என்றார் கணவர்.

பிரேக் அக்கா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். எழுதாத சட்டமாவது, மண்ணாவது! கணவரும் டாக்டரும் பின்னாலேயே வந்தார்கள்.

கூடத்தில் சென்ட் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"அந்தம்மா எங்கே?"

அவர் படுக்கையறையைக் காட்டினார்.

அவளுடைய கட்டிலில், அவளுடைய தலையணையில் கன்னம் புதைத்து, வந்தவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாதாரணத் தூக்கமல்ல. வாய் லேசாகத் திறந்த, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கும் தூக்கம்.

"உட்கார்ந்து பார்க்கலாமான்னு கேட்டாங்க. சரின்னேன். அப்படியே சாஞ்சுட்டாங்க," சென்ட் கிசுகிசுத்தார். "நைட் டியூட்டி நர்ஸு."

"எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பினேன். 'ஆறாம் பெட்டுக்கு ஊசி போட்டாச்சு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாங்க!"

மறுபடி எழுப்பக் கிளம்பியவரைக் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேண்டாம் சார். நான் ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவன். டியூட்டி முடிஞ்ச நர்ஸை எழுப்பறது ரொம்ப ஆபத்து."

நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். டாக்டர், சென்ட்டின் பற்களைத் தொழில்முறையாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

*

வெயில் இறங்கிய பிறகு நர்ஸ் வெளியே வந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பு. கூடத்தில் ஒரு கூட்டமே இருப்பதைப் பார்த்துப் பதறினாள்.

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க! இது உங்க வீடா? எனக்கு என்ன ஆச்சுன்னே..." பாதியில் நிறுத்தினாள். காதைத் தீட்டிக் கேட்டாள். மரத்தில் ஒரு பறவை. அவ்வளவுதான். "பகல்ல நான் இப்படித் தூங்கி வருஷக்கணக்காச்சு. இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். விலை என்னன்னு சொன்னீங்க சார்?"

சென்ட் சுதாரித்துக்கொண்டார். "மேடம், ஒரு விஷயம். இந்த ஓனர் எனக்குக் கமிஷன் தர மாட்டாங்க. இதை எடுத்தா என் ஃபீஸை நீங்க கையிலேருந்து தரணும். நான் அடுத்துக் காட்டப்போற வீட்டுல அந்தக் கவலையே இல்ல. அந்த ஓனரே தந்துடுவார். உங்களுக்கு என் சர்வீஸ் இலவசம்!"

நர்ஸ் தயங்கினாள். அந்தத் தயக்கத்தைப் பிரேக் அக்கா பார்த்தாள். மூன்று கார்களும் அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

"அந்த ஓனர் அதை எங்கேருந்து எடுத்துத் தருவார் சார்?" என்று கேட்டாள்.

"வீட்டு விலையிலேருந்துதான்."

"வீட்டு விலையை யார் தருவா?"

சென்ட் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். அவருடைய வாசனைகூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

நர்ஸ் மெல்லச் சிரித்தாள். "எங்க ஆஸ்பத்திரி வாசல்லயும் 'ஆலோசனை இலவசம்'னு ஒரு போர்டு இருக்கு. பில்லு போடறது என் வேலை இல்ல. ஆனா அதைப் படிக்கறவங்க முகத்தைத் தினம் பார்க்கறேன். அந்த வீடு எவ்வளவு, இந்த வீடு எவ்வளவு? ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்க."

சொன்னார். சொல்ல வேண்டியதாயிற்று. சென்ட்டின் முழு ஃபீஸையும் கையிலிருந்து கொடுத்தாலும் இந்த வீடுதான் மலிவாக வந்தது.

"இன்னொண்ணையும் நானே சொல்லிடறேன்," என்றாள் பிரேக் அக்கா.

கணவர் அவசரமாக இருமினார். அவள் லட்சியம் செய்யவில்லை.

"பின்னாடி டிங்கரிங் பட்டறை இருக்கு. பின்கதவைத் திறந்தா டங்கு டங்குனு கேட்கும். சந்துல சேறு. வாங்க, காட்டறேன்."

சமையலறைக்குப் போய் அவளே கதவைத் திறந்தாள். டங்... டங்... டங். மூடினாள். அடங்கிவிட்டது. நர்ஸ் தானும் ஒருமுறை திறந்து, மூடிப் பார்த்தாள்.

"திறக்காம இருந்தாப் போச்சு," என்றவள் சென்ட் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், கார்ல வரும்போது என்ன சொன்னீங்க? 'இது வேண்டாம்னு சொல்றதுக்காகவே காட்டற வீடு'ன்னு சொல்லலை?"

"அது... ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு மேடம்..."

"வேண்டாம்னு சொல்லச் சொன்ன வீட்டை நான் வேணும்னு சொன்னா, அதுக்கு எவ்வளவு சார் கூலி?"

"என் ஃபீஸைத் தர்றதா ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்!"

"போட்டேன். 'இதை நீங்க தரவே வேண்டி வராது'ன்னு சொல்லித்தானே வாங்கினீங்க? என் வார்டுல இன்னும் நாலு பேர் வீடு தேடறாங்க. உங்களைப் பத்தி நான் என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

சென்ட் நான்கு பேரை மனதில் நிறுத்திப் பார்த்தது வெளியிலேயே தெரிந்தது.

"பாதி," என்றார்.

"பாதியில பாதி."

"மேடம்! பெட்ரோல் செலவாவது..."

"போட்டுக் கொடுங்கம்மா, பாவம்," என்றாள் பிரேக் அக்கா. "சந்துல ஹாரன் அடிச்சே பேட்டரி தீர்ந்திருக்கும்."

அப்போதுதான் சென்ட் அவளை முழுதாகப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே தெருவில் நிற்கும் காரை. பிறகு அதன் தலையில் இருந்த சிவப்பு எல் எழுத்தை. சந்து, ரிவர்ஸ் கியர், மாமா எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தன.

"அக்கா... அந்த வண்டிங்க..."

"சிலபஸ்லயே இருக்கு சார்," என்றாள் அவள்.

பல் டாக்டர் முதலில் சிரித்தார். நர்ஸுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சேர்ந்து சிரித்தாள். கணவருக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில் சென்ட்டுக்கும் உதடு துடித்தது. தோற்றாலும் தொழில்காரர். கையை நீட்டினார்.

*

மாதக் கடைசிக்கு முன்பே பத்திரம் முடிந்தது. வேலையை எல்லாம் ஓடியாடிச் செய்தது சென்ட்தான். குறைந்த கூலிக்கு அத்தனை சுறுசுறுப்பாக அவர் வேலை பார்த்ததை அந்த வட்டாரம் அதற்கு முன் கண்டதில்லை. வார்டில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்களே!

நர்ஸ் டியூட்டியில் இருந்ததால் சாவி வாங்க சென்ட்டே வந்தார். பிரேக் அக்கா சாவிகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பெரிசு முன்வாசல். இந்தத் தடவை அது வழியாவே போங்க."

பழைய கார் வியாபாரி ஸ்கூலுக்கு வந்தபோது, முதலாளியின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஷெட்டில் மூன்று கார்களும் கழுவித் துடைத்து நின்றன. "விக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள். "கத்துக்கறதா இருந்தா சேர்த்துக்கறேன்." ஷெட்டில் துணி பிழிந்துகொண்டிருந்த மூத்த மாஸ்டர் விசில் அடித்தார்.

அன்று சாயங்காலம் முதல் பாடம் பல் டாக்டருக்கு. மூன்று எல் போர்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பெரிய சிக்னலில் டாக்டர்தான் முதல் வண்டி. பின்னால் ஒரு பழகிய ஹாரன், ஒரே ஒருமுறை, செல்லமாகக் கூப்பிட்டது. கண்ணாடியில் வெள்ளைக் கார். உள்ளே சென்ட், கை காட்டிக்கொண்டு.

பச்சை விழுந்தது.

"அக்கா, அணைஞ்சிடுமோ?" டாக்டரின் குரல் நடுங்கியது.

பிரேக் அக்கா குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். இரண்டாவது பிரேக்கின் மேலிருந்து அதை எடுத்து, சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"அணையாது. போங்க டாக்டர், நம்ம வண்டி."

வண்டி குலுங்காமல் கிளம்பியது.